லைப்ஸிக்கிலிருந்து ஒருநாள் பயணம்: எர்ஃபுர்ட்டா, வைமாரா, ஹாலேயா, விட்டன்பெர்க்கா?

அக்டோபரில் விண்டர் செமஸ்டர் தொடங்கியதுமே ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத் தமிழ் மாணவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை எங்காவது போய்வர வேண்டும். எங்கே? ஒருவர் ப்ராக் என்பார், இன்னொருவர் பெர்லின் என்பார். இரண்டையும் எடுத்த எடுப்பில் தள்ளிவைப்பது நல்லது. பெர்லினுக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். இருபது பேரோடு போனால் பார்த்ததைவிட எஸ்-பான் நகர ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றதுதான் மிஞ்சும். ப்ராக் எல்லை தாண்டுகிற பயணம். பாஸ்போர்ட்டை அறையிலேயே வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வருகிறவர் எந்தக் குழுவிலும் ஒருவராவது இருப்பார். டிரெஸ்டனை எப்படியும் ஆளாளுக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவை எர்ஃபுர்ட், வைமார், ஹாலே, விட்டன்பெர்க்.

இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பணம் அளவுகோல் ஆகாது. உங்கள் செமஸ்டர் டிக்கெட், நாடு முழுக்க வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும் டாய்ச்லாண்ட்-டிக்கெட்டாக இருந்தால் நான்கு ஊருக்கும் கூடுதலாக ஒரு சென்ட் கூடச் செலவில்லை. அது இல்லாதவர்கள் ஐந்தைந்து பேராகச் சேர்ந்து ஸாக்ஸன்-டிக்கெட் வாங்கலாம். பெயர்தான் ஸாக்ஸன், பக்கத்து மாநிலங்களான ஸாக்ஸனி-அன்ஹால்ட்டிலும் துரிங்கியாவிலும் அதே டிக்கெட் செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் ஏறலாம். சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: எர்ஃபுர்ட்டுக்கு அதிவேக ரயிலான ஐசிஇ முக்கால் மணி நேரத்தில் போய்விடும், சாதாரண ரயில் அதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அந்த ஆசையில் யாராவது ஐசிஇ-யில் ஏறிவிடப் போகிறார்கள். இந்த இரண்டு டிக்கெட்டும் அதில் செல்லாது.

நேரமும் பெரிய வித்தியாசம் செய்யாது. ஹாலே எஸ்-பானில் அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம். விட்டன்பெர்க்குக்கு ஒரு மணிக்குச் சற்று மேல், வைமாருக்கு இன்னும் கொஞ்சம் கூட, எர்ஃபுர்ட்டுக்கு ஒன்றரை மணிக்கு மேல். எதுவும் ஒருநாளில் முடியாத தூரமில்லை.

தீர்மானிக்கப்போவது உங்கள் தலை எண்ணிக்கை. எத்தனை பேர் போகிறீர்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய இடம் அந்த ஊரில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நான்கு பேர் போகிற ஊரும் இருபத்தைந்து பேர் போகிற ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பயண வலைத்தளங்களில் வருகிற "பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" பட்டியல்கள் இதைச் சொல்லவே சொல்லாது. அவை தனியாகப் போகிறவருக்காக எழுதப்பட்டவை.

இந்தக் கணக்கில் வைமார்தான் முதலில் பின்தங்கும். அதுதான் நால்வரில் மிகப் பெரிய பெயர் என்பது வேடிக்கை. கவிஞர் கோதே ஏறக்குறைய ஐம்பது வருடம் வாழ்ந்து 1832-இல் இறந்த வீடு அங்கே இருக்கிறது. வாசற்படித் தரையில் "சால்வே" என்று லத்தீனில் வரவேற்பு எழுதியிருக்கும். உள்ளே அறைகள் சின்னவை, நுழைவு நேரம் குறித்த டிக்கெட்டில்தான். படுக்கையறை அதிலும் சின்னது; அவர் இறந்த நாற்காலியை வாசலிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். இருபது பேர் வரிசையில் நின்றால் கடைசி ஆள் எட்டிப் பார்ப்பதற்குள் முதல் ஆள் தோட்டத்தில் செல்ஃபி எடுத்து முடித்திருப்பார். ஆனா அமாலியா நூலகத்தின் ரொக்கோக்கோ மண்டபமும் அப்படித்தான். 2004 செப்டம்பரில் கூரையில் பிடித்த தீயில் சுமார் 50,000 புத்தகங்கள் சாம்பலாயின. 2007-இல் சீரமைத்துத் திறந்தார்கள். மரத்தரை தேயாமலிருக்க செருப்பின் மேலேயே கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி நடக்க வேண்டும். அற்புதமான இடம். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். முன்பதிவு இல்லாமல் பெரிய குழுவாகப் போய் நின்றால் திரும்ப வேண்டியதுதான்.

சரி, உள்ளே போகாமல் தெருவோடு பார்த்துவிட்டு வரலாமே என்றால், வெளியிலிருந்து பார்க்க வைமார் அமைதியான, சின்ன, அழகான ஊர், அவ்வளவுதான். நாடக அரங்கின் முன்னால் கோதேயும் அவர் நண்பரான கவிஞர் ஷில்லரும் ஒரு மாலையைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்கும் 1857-ஆம் வருடச் சிலை. அந்த அரங்கில்தான் 1919-இல் தேசிய சபை கூடி ஜெர்மனியின் முதல் குடியரசுக்கு அரசியல் சட்டம் எழுதியது. பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியும் அதே வருடம் அதே ஊரில் தொடங்கியது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போகிறவருக்கு ஒவ்வொரு தெருவும் பேசும். "அண்ணா, அடுத்து என்ன?" என்று கேட்டுக்கொண்டே வருகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும்.

ஆனால் வைமாரில் இருபது பேரும் சேர்ந்து நிற்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஊருக்கு வடமேற்கே எட்டர்ஸ்பெர்க் குன்றின் மேல் புஹன்வால்ட் வதைமுகாம். ஆறாம் எண் பேருந்தில் இருபது நிமிடம். டாய்ச்லாண்ட்-டிக்கெட் அதிலும் செல்லும். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1937-இலிருந்து 1945 வரை இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இங்கே அடைத்து வைத்தார்கள். சுமார் 56,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. போர் முடிந்த பிறகும் இடம் காலியாக இருக்கவில்லை: சோவியத் படை 1950 வரை அதையே தன் சிறப்பு முகாமாக வைத்திருந்தது. அதில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

முகாமின் வாசல் கதவில் இரும்பு எழுத்துகளில் "அவரவர்க்கு உரியது அவரவர்க்கு" என்று பொருள்படும் ஜெர்மன் வாசகம் இருக்கிறது. வெளியே நிற்பவருக்கு அது இடவலம் மாறித் தெரியும். உள்ளே அடைபட்டவர்கள் படிப்பதற்காக உட்புறம் பார்த்து வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தை வடிவமைத்தவர் ஃப்ரான்ஸ் ஏர்லிஹ், பௌஹவுஸில் படித்தவர், அப்போது அங்கே கைதி. முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். உத்தரவுக்குச் செய்த அந்த வேலையில் நாஜிகள் வெறுத்த பௌஹவுஸ் எழுத்துப் பாணியையே அவர் இழைத்துவிட்டார். வாசலுக்கு மேலே உள்ள கடிகாரம் 3:15-இல் நிற்கிறது, 1945 ஏப்ரல் 11-ஆம் தேதி முகாம் விடுதலையான நேரம். உள்ளே கைதிகள் தங்கிய பாரக்குகள் பெரும்பாலும் இல்லை. அவை இருந்த இடங்களைக் கருநிற ஜல்லி பரப்பிக் காட்டியிருக்கிறார்கள். கைதிகளை நிறுத்தி எண்ணிய மைதானத்தில், தரையோடு தரையாக ஓர் உலோகத் தகடு. எந்தெந்த நாட்டினர் அங்கே இருந்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. ஆண்டு முழுக்க, பனியிலும் மழையிலும், அதை 37 டிகிரி சூட்டில் வைத்திருக்கிறார்கள். குனிந்து கை வைத்தால் உடம்புச் சூடு. ஜனவரியில் சுற்றிலும் பனி மூடியிருக்க, தகட்டின் மேல் மட்டும் பனி தங்காது.

இதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். குழுவுக்கு வழிகாட்டி வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்னால் பதிவு செய்ய வேண்டும். வைமாரைத் தேர்ந்தெடுத்தால் காலையில் புஹன்வால்ட், மதியத்துக்கு மேல் ஊர் என்றுதான் போட வேண்டும். மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. குளிர்காலத்தில் காட்சிக்கூடங்கள் நான்கு மணிக்கே மூடிவிடும், குன்றின் மேல் காற்று வேறு கொல்லும். அதைவிட முக்கியம், கேக்கும் காபியுமாகச் சிரித்துப் பேசிவிட்டு அங்கே போய் நிற்பது யாருக்கும் சரிப்படாது. ஜெர்மனிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத, அம்மாவிடம் தினமும் வீடியோ காலில் அழுகிற பையனை முதல் சுற்றுலாவுக்கு இங்கே கூட்டி வருவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வைமார் ஏப்ரலுக்கு உரியது, பத்துப் பன்னிரண்டு பேருக்கு உரியது.

எர்ஃபுர்ட் இதற்கு நேரெதிர். அங்கே பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி வெளியே, திறந்த வெளியில், டிக்கெட் இல்லாமல் கிடக்கிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிர்க் கட்டிடத்தின் கூரையில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: வில்லி பிராண்ட் ஜன்னலுக்கு வாருங்கள் என்று. 1970 மார்ச்சில் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் கிழக்கு ஜெர்மனிக்குப் பேச்சுவார்த்தைக்கு வந்து அப்போது விடுதியாக இருந்த இந்தக் கட்டிடத்தில் இருந்தபோது, போலீஸைத் தள்ளிக்கொண்டு கூடிய ஜனம் போட்ட கோஷம் அது. அங்கிருந்து பத்து நிமிட நடையில் பழைய நகரம்.

க்ரேமர்ப்ரூக்கே, அதாவது வணிகர் பாலம், 1325-இல் கல்லால் கட்டியது. இரண்டு பக்கமும் 32 மரச்சட்ட வீடுகள். இன்றும் மாடிகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தவறு செய்வார்கள்: பாலத்தின் மேல் நடந்து, கடைகளைப் பார்த்து, மறுமுனைக்குப் போய், "பாலம் எங்கே?" என்று கேட்பார்கள். இரு பக்கமும் வீடு மறைப்பதால் கீழே கேரா ஆறு ஓடுவதே தெரியாது. பக்கத்துச் சந்தில் இறங்கிப் பின்புறம் போனால்தான் வளைவுகளும் தண்ணீரும், அதன் மேல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் வீடுகளும் தெரியும். அங்கே புல்தரையில் முப்பது பேர்கூட உட்காரலாம். கட்டுச்சோற்றைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் நான்கு ஊரிலும் கிடையாது.

கதீட்ரல் சதுக்கத்தில் கதீட்ரலும் செவேரி தேவாலயமும் ஒரே மேட்டில் அருகருகே நிற்கின்றன. ஏறிப்போக 70 படிகள். குழுப்படம் எடுக்க இந்தப் படிகளே போதும், யாரும் யாரையும் மறைக்க மாட்டார்கள். கதீட்ரலின் கோபுரத்தில் இருக்கும் க்ளோரியோசா மணி 1497-இல் வார்க்கப்பட்டது. அங்கிருந்தே பீட்டர்ஸ்பெர்க் கோட்டைக்கு ஏறினால் ஊர் முழுக்கக் காலடியில். இதற்கும் காசு கிடையாது.

எர்ஃபுர்ட்டில் பணம் கொடுத்து உள்ளே போக ஒரே ஓர் இடத்தைத்தான் சொல்வேன்: பழைய யூதத் தொழுகைக்கூடம். சில பகுதிகள் பதினொன்றாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தவை. 1349-இல் ஊரின் யூதர்களைக் கொன்று துரத்திய பிறகு கட்டிடம் சரக்குக் கிடங்காகி, பல நூற்றாண்டு கழித்துச் சாப்பாட்டுக்கடையும் நடனக்கூடமும் ஆனது. அது என்னவென்று எல்லாருக்கும் மறந்துபோனதால்தான் நாஜிகளின் கையிலிருந்து தப்பியது. 1998-இல் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய நிலவறைச் சுவரின் அடியில் ஒரு புதையல் கிடைத்தது: ஆயிரக்கணக்கான வெள்ளி நாணயங்கள், நகைகள், ஒரு தங்கக் கல்யாண மோதிரம். மோதிரத்தின் தலையில் கல்லுக்குப் பதில் கோபுரம் வைத்த ஒரு குட்டி வீடு. புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை. இந்த இடங்களுக்கு 2023-இல் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி கொடுத்தது.

இன்னொன்று, நம் ஆட்களுக்குப் பிடிக்கும் கதை. இந்த ஊர் இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டிக்கொண்டது வாய்ட் என்ற செடியின் நீலச் சாயத்தால். இலையை அரைத்து உருண்டை பிடித்துக் காயவைத்து, புளிக்கவைத்து, ஐரோப்பா முழுக்க விற்றார்கள். பிறகு கப்பலில் இந்திய அவுரி வந்தது. அதே நீலம், இன்னும் கெட்டியாக. தடை போட்டுப் பார்த்தும் பயனில்லாமல் வாய்ட் வியாபாரம் படுத்துவிட்டது. எர்ஃபுர்ட்டின் பெரிய கல் வீடுகளின் முன்னால் நின்று இதைச் சொன்னால் கூட்டத்தில் யாராவது ஒருவர் கைதட்டுவார்.

ஹாலேயைப் பற்றி எழுதும்போது எனக்கு நடுநிலை கிடையாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1695-இல் தன் உண்டியலில் விழுந்த நான்கு தாலர் பதினாறு குரோஷன் காசை வைத்து ஆகஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கே என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அது அநாதை இல்லம், அச்சகம், மருந்துக்கடை, நூலகம் என்று வளர்ந்து ஒரு சிறு நகரமே ஆகிவிட்டது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்குவை அனுப்பியவர் டென்மார்க் மன்னர். சீகன்பால்குவுக்குப் பின்பலமாக நின்றது இந்த ஹாலே. தரங்கம்பாடி அச்சகத்தின் முதல் தமிழ் எழுத்துகள் இங்கே வார்த்து அனுப்பியவை. எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், பிறகு அங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறியது. மறு வருடம் ஹாலேயில் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் வெளிவந்தது. ஐரோப்பாவுக்கு வந்த கப்பலில் அவருக்குத் துணையாக இருந்தவர் மலையப்பன் என்ற தமிழ் இளைஞர். தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு எழுதி அனுப்பியதை மட்டும் ஃப்ராங்கே அச்சிடவில்லை: ஒழிக்கத்தானே அனுப்பினோம், பரப்பவா என்று கோபம். அது 1867-இல்தான், அதுவும் சென்னையில், அச்சானது.

அநாதை இல்லக் கட்டிடத்தின் உச்சி மாடியில் ஒரு விநோதப் பொருள் கூடம். ஓவியம் தீட்டிய பழைய அலமாரிகளில் சுமார் மூவாயிரம் பொருள்கள், உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்கும், தரங்கம்பாடியிலிருந்து போனவையும் உண்டு. ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவை ஆய்வாளர்களுக்கு, சும்மா போனால் காட்ட மாட்டார்கள். வளாகத்தை ஒட்டியே கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் போட்ட மேம்பாலம் ஒன்று இரைச்சலாகப் போகிறது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மதியம் ட்ராமில் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போனால் நேப்ரா வான்தட்டு: சுமார் 3,600 வருடம் பழைய வெண்கலத் தட்டில் தங்கத்தால் பிறை, நட்சத்திரங்கள். நடுவில் கொத்தாக இருக்கும் ஏழு புள்ளிகளைக் கார்த்திகைக் கூட்டம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். 1999-இல் புதையல் திருடர்கள் தோண்டி எடுத்து விற்ற பொருள். 2002-இல் ஸ்விட்சர்லாந்தில் வாங்குபவர் வேடம் போட்டு மீட்டார்கள்.

இத்தனை இருந்தும் வருடத்தின் ஒரே பெரிய குழுப்பயணத்தை ஹாலேக்குச் செலவிட வேண்டாம் என்பேன். காரணம் தூரம். அது ஒரு புதன்கிழமை மதிய வகுப்புக்குப் பிறகுகூடப் போய்வரக்கூடிய ஊர். நவம்பர் மழையில் ஐந்தாறு பேராக, வரலாற்றில் ஆர்வம் இருப்பவர்களாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். மியூசியம் எதுவும் திங்கட்கிழமை வேண்டாம். நான்கு ஊருக்கும் இது பொருந்தும்.

விட்டன்பெர்க் மிச்சம். 1517-இல் கிறிஸ்தவச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூதர் தன் 95 வாதங்களை ஒட்டினார் என்று சொல்லப்படும் தேவாலயக் கதவைப் பார்க்கப் போகிறார்கள். அந்தக் கதவு 1760 தீயில் போய்விட்டது. இப்போது இருப்பது வாதங்களைப் பொறித்து 1858-இல் மாட்டிய வெண்கலக் கதவு. ஊர்த் தேவாலயத்தின் வெளிச்சுவரில் யூதர்களை இழிவுபடுத்தும் இடைக்காலச் சிற்பம் ஒன்று இன்னும் இருக்கிறது. அகற்றத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. கீழே ஒரு நினைவுத் தகடு வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றிக் குழுவாக நின்று ஒரு மணி நேரம் வாதாடலாம். அதைத் தவிர ஒரே நீளத் தெரு. சீரமைப்புக்காக மூடிய லூதர் வீடு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். கிறிஸ்தவ வரலாறு படிக்கிற குழுவாக இருந்தால் ஒழிய எனக்கு இது நான்காவது இடம்தான்.

சாப்பாடு. துரிங்கியாவில் எந்த மூலையிலும் கரியில் சுட்ட பன்றி சாஸேஜ் மணக்கும். சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு உருண்டையும் காளான் குழம்பும் கேட்டால் கிடைக்கும், ஆனால் குழம்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட வேண்டும். எர்ஃபுர்ட்டில் ஃபலாஃபல் கடைகளுக்குப் பஞ்சமில்லை, இதிலும் அதுவே முந்துகிறது. இருபது பேருக்கு ஒரே உணவகத்தில் இடம் தேடுவதைவிட முந்தைய இரவு யாராவது இருவர் புளியோதரை கிளறிவிடுவது நல்லது.

எர்ஃபுர்ட்டும் வைமாரும் ஒரே ரயில் பாதையில் கால் மணி தூரத்தில்தானே இருக்கின்றன, இரண்டையும் முடித்துவிடலாமே என்று ஒரு யோசனை கண்டிப்பாக வரும். இடம் கொடுக்காதீர்கள். ஏறி இறங்கி, ஆள் எண்ணி, கழிப்பறைக்குப் போனவருக்காகக் காத்து நிற்பதிலேயே இரண்டு மணி நேரம் போகும். புதியவர்கள் நிறைந்த பெரிய குழுவுக்கு எர்ஃபுர்ட். வசந்த காலத்தில், படித்துவிட்டு வரத் தயாராக இருக்கும் சிறு குழுவுக்கு வைமார். புஹன்வால்ட்டின் உடல் எரிக்கும் உலைகளைச் செய்து கொடுத்த டாப்ஃப் நிறுவனம் எர்ஃபுர்ட்டில்தான் இருந்தது, அதன் வளாகமும் இப்போது நினைவிடம். வைமார் போய்வந்தவர்கள் அதற்காக எர்ஃபுர்ட்டுக்கு மறுபடி ஒருமுறை போகலாம்.

தேதியைப் பொறுத்தவரை அக்டோபரின் இரண்டாவது அல்லது மூன்றாவது சனிக்கிழமையைப் பிடியுங்கள். அக்டோபர் 31 சீர்திருத்த நாள். மூன்று மாநிலங்களிலும் விடுமுறை, கடைகள் மூடியிருக்கும். நவம்பர் கடைசியில் எர்ஃபுர்ட் கதீட்ரல் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிட்டால் அந்தப் படிகளில் நிற்கக்கூட இடம் இருக்காது, மாலை ரயிலில் இருபது பேர் ஒரே பெட்டியில் ஏறுவதும் நடக்காது.